ஒன்பது ஸ்க்ரூ தெரிந்தவள்

சத்தியவேட்டுக்குக் கிழக்கே இருக்கிற அந்தக் காலனியில் கரண்டில் ஓடுகிற சாமான் எதை வாங்கினாலும் வரலட்சுமியைக் கேட்காமல் வாங்கமாட்டார்கள். செல்போனா, டிவியா, மிக்சியா, எதுவானாலும் முதலில் "வரலு இன்னா சொல்றா?" என்றுதான் பேச்சு தொடங்கும். ஏனென்றால் அவள் ஸ்ரீசிட்டியில் லேப்டாப் செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறாள். எட்டு வருஷமாகப் பார்க்கிறாள். மிக்சிக்கும் இவளுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருத்தராவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லையே, என்ன செய்வது! அவளும் தெரியாது என்று சொன்னவள் இல்லை.

அவள் செய்கிற வேலையைச் சொல்லிவிடுகிறேன். லைனில் பதினெட்டாவது இடம் அவளுடையது. லேப்டாப் குப்புறப் படுத்தபடி பெல்ட்டில் வந்து நிற்கும். உள்ளே போகவேண்டியதையெல்லாம் முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் பொருத்தியிருப்பார்கள். இவள் அடிமூடியை எடுத்து மேலே வைத்து, ஒன்பது ஸ்க்ரூவைக் கரண்டு ஸ்க்ரூடிரைவரால் முடுக்கி, துணியால் ஒரு துடை துடைத்து அடுத்த ஆளிடம் தள்ளவேண்டும். ஒன்றுக்கு நாற்பது விநாடி. அவ்வளவுதான் வேலை. எட்டு வருஷமாக அந்த ஒன்பது ஸ்க்ரூ. கனவில்கூட முடுக்கிக்கொண்டிருப்பாள் என்று அவள் அம்மா மல்லிகா சொல்லுவாள்.

அந்த லைனில் இரண்டு விதம் ஓடும். ஒன்று விலை குறைச்சல், ஒன்று ஒசத்தி. ஒரு வாரம் அது வரும், ஒரு வாரம் இது வரும். மூடியைப் போடுவதற்கு முன்னால் உள்ளே ஒரு பார்வை பார்ப்பாள். இரண்டிலும் அதே பச்சைப் பலகை, அதே கறுப்புப் பேட்டரி. ஒசத்தியில் மட்டும் குட்டி ஃபேன் இரண்டு இருக்கும், செம்புக் குழாய் கொஞ்சம் தடிமனாக ஓடும். மற்றதில் ஒரே ஃபேன். விலை மட்டும் ஒன்றுக்கு இரண்டு பங்கு. ஒரு நாள் கேன்டீனில் யாரோ விலையைச் சொல்லக் கேட்டு வரலட்சுமி வாயைப் பிளந்துவிட்டாள். ஒரு குட்டி ஃபேனுக்கு நாற்பதாயிரமா? சத்தியவேட்டில் ஆளுயர ஃபேனே இரண்டாயிரத்துக்குக் கிடைக்கிறதே!

அன்றையிலிருந்து காலனியில் அவள் சொல்லுகிற பாட்டு ஒன்றுதான். "ஒசத்தி கிசத்தி எல்லாம் சும்மா. நானே மூடுறேன், எனக்குத் தெரியாதா? உள்ள எல்லாம் ஒண்ணுதான். பேருக்குத்தான் காசு." பக்கத்து வீட்டு சீனு அவள் பேச்சைக் கேட்டு மலிவு டிவி வாங்கினான். அது இன்றைக்கும் நன்றாகத்தான் ஓடுகிறது. அது பாழாய்ப் போயிருந்தாலாவது இவளுக்குக் கொஞ்சம் புத்தி வந்திருக்கும்.

அவளுக்கு ஒரே தங்கை, பிரியங்கா. புத்தூர்ப் பக்கம் ஒரு காலேஜில் பி.டெக். கம்ப்யூட்டர். வரலட்சுமியும் படிப்பில் சோடை போனவள் இல்லை, இன்டரில், அதாவது அந்தப் பக்கத்து ப்ளஸ் டூவில், ஆயிரத்துக்கு எண்ணூற்று எழுபது வாங்கியவள். ஆனால் நைனா ரங்கையாவுக்கு அப்போது ஒரு ஏக்கர் கொல்லையும் கிடையாது, கூலிதான். இரண்டில் ஒன்றைத்தான் படிக்கவைக்க முடியும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கம்பெனி பஸ் காலனி முனைக்கு வர ஆரம்பித்தது, பதினெட்டு வயசில் இவள் ஏறிவிட்டாள், அவ்வளவுதான். கல்யாணப் பேச்சு எடுத்தால், "அது வேலைக்குப் போவட்டும், அப்பறம் பாத்துக்கலாம்" என்பாள். அது என்றால் பிரியங்கா. தங்கை ஒரு நாற்காலி போட்ட வேலையில் உட்கார்ந்துவிட வேண்டும். இவளுக்கு வேறு ஆசையே கிடையாது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், ஆனால் அதுதான் நிஜம்.

அந்த வேலை வாசல்வரைக்கும் வந்தது. கடைசி வருஷம் பெங்களூர்க் கம்பெனி ஒன்று காலேஜுக்கு ஆள் எடுக்க வந்தது. முதல் பரீட்சையில் நூற்றெண்பது பேரில் பதினோரு பேர் தேறினார்கள், அதில் பிரியங்காவும் ஒருத்தி. இரண்டாவது பரீட்சைதான் கடைசி. அதை அவரவர் வீட்டிலேயே, அவரவர் லேப்டாப்பில் எழுதவேண்டும். கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். அறையில் வேறு ஆள் இருக்கக்கூடாது, சத்தம் வரக்கூடாது, கதவு சாத்தியிருக்கவேண்டும். மே மாதம், காலை பதினோரு மணிக்கு ஆரம்பம், தொண்ணூறு நிமிஷம். தேறினால் ஜூலையில் பெங்களூர்.

பிரியங்காவிடம் லேப்டாப் கிடையாது. அதுவரைக்கும் காலேஜ் லேபிலும் சிநேகிதிகளிடமும் ஓட்டிக்கொண்டிருந்தாள். வரலட்சுமி கொஞ்சமும் யோசிக்கவில்லை. பி.எஃப். பணத்தில் எண்பதாயிரம் எடுத்தாள். தங்கையைக் கூட்டிக்கொண்டு திருப்பதிக்கு பஸ் ஏறினாள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற அந்தக் கடைக்கு ராம்ப்ரசாத் என்று ஒருவர் முதலாளி. நெற்றியில் ஒற்றைச் சிவப்புக் கோடு, குளிரக் குளிர ஏசி, பொறுமையான பேச்சு. பிரியங்கா என்ன படிக்கிறாள், எதற்கு வேண்டும் என்று விசாரித்துவிட்டு இரண்டை எடுத்து வைத்தார். இரண்டையும் பார்த்த வரலட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டும் அவள் மூடுகிற சாதி!

"ரெண்டும் நல்ல மிஷின்தான்மா. ஆனா பொண்ணு ப்ரோக்ராமிங் பண்ணப்போறா. நம்ம பக்கத்து வெயிலுக்கு இதுதான் தாங்கும். கொஞ்சம் கூடப் போனாலும் இதையே எடுத்துக்கோங்கோ" என்று ஒசத்தியைக் காட்டினார் ராம்ப்ரசாத்.

"சார், நீங்க விக்கறவரு. நான் செய்றவ" என்றாள் வரலட்சுமி. கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது. "இதுல ரெண்டு ஃபேனு, அதுல ஒண்ணு. வேற இன்னா கீது உள்ள? நீங்களே சொல்லுங்க."

அவர் ஏதோ சிப், வேகம் என்று சொல்ல ஆரம்பித்தார். இவள் விடவில்லை. ஒன்பது ஸ்க்ரூவும் எங்கெங்கே இருக்கிறது, எது நீளம் எது குட்டை என்று மூடியைத் திருப்பாமலே சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே, "உங்களுக்குத் தெரியாததை நான் என்ன சொல்லப்போறேன்மா" என்று விட்டுவிட்டார்.

பிரியங்கா மட்டும் அவள் முழங்கையைத் தொட்டு மெதுவாகச் சொன்னாள். "அக்கா, சீனியருங்கெல்லாம் அந்த ஒசத்திதான் வாங்கிக்கினு கீறாங்கோ."

"அவங்க நைனா காசு, அவங்க வாங்குவாங்கோ. ரெண்டும் ஒரே லைன்ல வர்ற சாமான்டி. மிச்சம் நாப்பதாயிரம் உன் பெங்களூரு ஹாஸ்டல் அட்வான்சுக்கு ஆவும் பாரு."

பிரியங்கா கையை எடுத்துக்கொண்டாள். அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தாளா, அக்கா பணம் அக்கா முடிவு என்று நினைத்தாளா, தெரியாது. விலை குறைச்சலை வாங்கிக்கொண்டு வந்தார்கள். கையில் பணமில்லாமல் மலிவை வாங்கினவள் இல்லை இவள். கையில் பணத்தை வைத்துக்கொண்டு, கெட்டிக்காரத்தனமாக வாங்கினாள். பிற்பாடு அதை நினைத்து நினைத்துத்தான் வெந்துபோனாள்.

பரீட்சை நாள் வந்தது. வரலட்சுமிக்கு அன்று காலை ஷிப்ட். லீவு கேட்டுப் பார்த்தாள், ஒசத்தி மாடல் அவசர ஆர்டர் ஓடுகிறது, ஆளில்லை என்றுவிட்டார்கள். விடியுமுன்னே எழுந்து உள்ளறையைப் பெருக்கினாள். அவர்கள் வீட்டில் முன்னறைக்கு ஓடு, உள்ளறைக்குச் சிமெண்ட் ஷீட் கூரை. முன்னறையில் தெருச் சத்தம் கேட்கும் என்று உள்ளறையில்தான் பரீட்சை எழுத ஏற்பாடு. பிளாஸ்டிக் ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். பொங்கலுக்கு எடுத்த புதுத் தேங்காய்ப்பூத் துண்டு ஒன்று பெட்டியில் இருந்தது. அதை எடுத்து நாலாக மடித்து ஸ்டூல்மேல் விரித்து, அதன்மேல் லேப்டாப்பை வைத்தாள்.

கம்பெனிப் பழக்கம் அது. அங்கே எந்த லேப்டாப்பும் வெறும் மேஜையில் உட்காராது. பெல்ட்டிலும் மேஜையிலும் மெத்தென்று நீல விரிப்பு போட்டிருக்கும். அடியில் ஒரு கீறல் விழுந்தாலும் ரிஜெக்ட், லைன் லீடர் பிரேமலதா உயிரை எடுத்துவிடுவாள். எட்டு வருஷத்தில் அவள் கைக்கு அந்த மரியாதை பழகிப்போயிருந்தது. தங்கையின் லேப்டாப்பை வெறும் பிளாஸ்டிக்மேல் வைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"நல்லா எழுதுடி. முடிஞ்சதும் ஒரு மெசேஜ் போடு. ரெண்டு மணிக்குப் பாப்பேன்" என்று தூக்கக் கலக்கத்தில் இருந்தவளின் தலையைத் தடவிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

கம்பெனியில் போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போகமுடியும். பதினோரு மணி ஆனபோது சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்து, குல தெய்வத்தை வேண்டிக்கொண்டாள். உள்ளே ஏசி எப்போதும் போலக் குளிராக இருந்தது. தொப்பியும் கோட்டும் போட்டிருந்தும் விரல் நுனி சில்லென்றிருந்தது. அன்று ஒசத்தி மாடல்தான் வரிசையாக வந்தது. பதினொன்றரை, பன்னிரண்டு, பன்னிரண்டரை என்று பார்த்துக்கொண்டே மூடினாள். முடித்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். பக்கத்து இடத்து ஒரியாப் பெண்ணிடம், "மை சிஸ்டர், எக்ஸாம், பெங்களூர்" என்று தெரிந்த இங்கிலீஷில் பெருமையடித்தாள்.

இரண்டு மணிக்குப் பெட்டியைத் திறந்தால் போனில் இருபத்துமூன்று மிஸ்டு கால். முதல் கால் பன்னிரண்டு பதினொன்றுக்கு. கடைசி கால் பன்னிரண்டு நாற்பதுக்கு. மெசேஜ் ஒன்றும் இல்லை. எடுத்திருந்தால் மட்டும் என்ன கிழித்திருக்கப்போகிறாள் என்று கேட்காதீர்கள், அதைத்தான் அவளும் பஸ்ஸில் வழியெல்லாம் தன்னைக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

வீட்டில் பிரியங்கா அழுகிற கட்டத்தைத் தாண்டியிருந்தாள். மல்லிகா சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ரங்கையா வாசலில் நின்றுகொண்டு, "இன்னாமோ மிசினு நின்னுட்ச்சாம்மா. எனுக்கு இன்னா தெரியும், யாரப் போய்க் கேக்கறதுன்னே தெரில" என்றார். கொல்லை வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தவர், காலில் சேறுகூடக் கழுவவில்லை.

நடந்தது இதுதான். கதவு சாத்திய ஷீட் அறை, மே மாத வெயில். ஆரம்பிக்குமுன் சோதித்துப் பார்த்தபோதே மேல் ஃபேனின் சத்தம் கேட்கிறதென்று காட்டியதால் அதையும் நிறுத்திவிட்டாள். நாலு கணக்கில் இரண்டை முழுசாக முடித்து மூன்றாவதில் இருந்தாள். லேப்டாப் உள்ளுக்குள் இரைய ஆரம்பித்தது. எழுத்து தட்டினால் ஒரு நிமிஷம் கழித்து வந்தது. எழுபத்தோராவது நிமிஷம் பொசுக்கென்று அணைந்துவிட்டது. எவ்வளவு அமுக்கியும் உயிர் வரவில்லை, அடியைத் தொட்டால் கை சுட்டது. இருபது நிமிஷம் கழித்து உயிர் வந்தபோது திரையில் ஒரே வரி. உங்கள் தேர்வு முடிவடைந்தது.

அதற்குப் பிறகு மனுஷன் செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்தார்கள். கம்பெனிக்கு நாலு மெயில் போட்டாள் பிரியங்கா. நாலுக்கும் ஒரே பதில் வந்தது, ஆள் எழுதியதா மிஷின் எழுதியதா என்றே தெரியாத பதில். வரலட்சுமி ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு தங்கையோடு காலேஜுக்குப் போய், வேலை வாங்கித் தருகிற சார் முன்னால் கை கட்டி நின்றாள். அவர் கெட்டவரில்லை. "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கும்மா. ஒருத்தருக்கு ஒரு தடவைதான், அது அவங்க ரூல். நான் பேசினா மத்த பத்துப் பேருக்கும் சிக்கலாயிடும்" என்றார். பத்துப் பேரில் ஆறு பேர் தேறினார்கள்.

காலனியில் கேட்டவர்களிடம் பிரியங்கா, "கேள்வி கஷ்டமா இருந்துச்சி, நான் சரியாப் படிக்கல" என்றாள். ஒருத்தரிடம்கூட லேப்டாப் என்று வாயெடுக்கவில்லை. வரலட்சுமி பக்கத்திலேயே நின்று அதைக் கேட்டாள். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். 'நான் அன்னிக்கே சொன்னேன் பாரு' என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இவளும் பதிலுக்குக் கத்தி, அழுது, மனசு லேசாகியிருக்கும். அந்தப் பெண் சொல்லவே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு வரலட்சுமி தனியாகத் திருப்பதிக்குப் போனாள். போகிற வழியெல்லாம் ராம்ப்ரசாத்தை எப்படிக் கிழிக்கவேண்டும் என்று யோசித்துக்கொண்டே போனாள். குறை உள்ள சாமானைத் தலையில் கட்டிவிட்டார் என்பதுதான் அவள் பிடித்துக்கொண்டிருந்த கொம்பு.

அவர் வாங்கி, போட்டுப் பார்த்தார். அரை மணி நேரம் என்னென்னமோ ஓட்டிப் பார்த்தார். கடை ஏசியில் அது கம்மென்று வேலை செய்தது. "இதுல ஒரு குறையும் இல்லையேம்மா" என்றார்.

"தொறந்து பாருங்க சார்."

"திறக்கலாம்."

"குடுங்க, நானே தொறக்கறேன்" என்று அவள் கையை நீட்டினாள். அவர் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்தார். எட்டு வருஷத்தில் லட்சக்கணக்கில் மூடியிருப்பாள், ஒன்றைக்கூடத் திறந்ததில்லை. முதல் ஸ்க்ரூவைப் பழக்க தோஷத்தில் வலப்பக்கமே திருகினாள். அப்புறம் மாற்றித் திருகினாள். மூடி கழன்று வந்தது. உள்ளே எல்லாம் புதுசாக, சுத்தமாக, அவள் மூடின மாதிரியே இருந்தது. கரிந்த வாடைகூட இல்லை.

"சூடு தாங்காம தன்னைத்தானே அணைச்சுண்டிருக்கும்மா. அது அப்படித்தான் பண்ணும், இல்லேன்னா உள்ள கருகிடும்" என்ற ராம்ப்ரசாத், கழற்றிய மூடியைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டார். "எதன்மேல வெச்சு எழுதினா?"

"ஸ்டூல் மேல."

"வெறும் ஸ்டூலா?"

வரலட்சுமிக்கு அப்போதுதான் உறைத்தது. மூடியில் நடுவே வரிவரியாகத் துவாரம். தினம் எழுநூறு தடவை துணியால் துடைக்கிற துவாரம். அது எதற்கு இருக்கிறது என்று எட்டு வருஷத்தில் ஒரு நாள் கேட்டிருப்பாளா? அங்கே பெல்ட்டில் வருகிற எதுவும் ஓடாது, எல்லாம் அணைந்து கிடக்கும், எந்த விரிப்பில் படுத்தால் என்ன! "துண்டு விரிச்சேன் சார். நாலா மடிச்சி" என்றாள். அவருக்குக் கேட்கவில்லை, இரண்டாம் தடவை சொல்லவேண்டியிருந்தது.

அவர் மூடியை மேஜைமேல் வைத்தார்.

"சார், அந்த ஒசத்திய வாங்கியிருந்தா?"

"அதுக்கும் காத்து வேணுமேம்மா."

"கேக்கறதுக்குச் சொல்லுங்க. அந்த ஒசத்தியா இருந்திருந்தா இன்னும் பத்தொம்போது நிமிஷம் தாங்கியிருக்குமா, தாங்கியிருக்காதா?"

"கொஞ்சம் கூடத் தாங்கியிருக்கும். அது பத்தொம்போது நிமிஷமான்னு கேட்டா… எனக்குத் தெரியலம்மா."

"விக்கறப்போ மட்டும் தெரிஞ்சுதே! நம்ம வெயிலுக்கு இதான் தாங்கும்னு சொன்னீங்களே!" அவள் கத்தியதில் கடைப் பையன்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"சொன்னேன். துண்டையும் சேர்த்துத் தாங்குமான்னு அப்ப யாரும் கேக்கலையே" என்றார் அவர். சொன்னபிறகு அவருக்கே சங்கடமாகிவிட்டது. காபி வரவழைக்கிறேன் என்றார். வேண்டாம் என்றுவிட்டு, ஒன்பது ஸ்க்ரூவையும் தானே முடுக்கி எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

தாங்கியிருக்கும் என்று அடித்துச் சொல்லியிருந்தால் தன் கஞ்சத்தனத்தைத் திட்டிக்கொண்டு கிடந்திருப்பாள். தாங்காது என்று சொல்லியிருந்தால் விலை விஷயத்திலாவது மனசு ஆறியிருக்கும். அந்தப் பாவி மனுஷன் இரண்டையும் சொல்லவில்லை. காசு மிச்சம் பிடித்ததும் இவள்தான், துண்டு விரித்ததும் இவள்தான். எதனால் போயிற்று என்று மட்டும் இனி ஒருத்தராலும் சொல்லமுடியாது.

அன்று சாயந்திரம் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த தங்கை பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "பிரியா, அந்தத் துண்டுதான்டி… நான் விரிச்சது… அதனாலதான் சூடாச்சாம்."

"தெரியும்க்கா" என்றாள் பிரியங்கா. கை துவைத்துக்கொண்டே இருந்தது.

"தெரியுமா? எப்போலேர்ந்து?"

"எழுதறப்போவே தெரியும். இரைச்சல் வந்தவொடனே தெரிஞ்சிபோச்சி. உருவிடலாம்னு கைய கீழ கொண்டுபோனேன். கை கேமராவுல தெரியலன்னு வார்னிங் வந்துச்சி. ரெண்டாம் வாட்டியும் வந்துச்சி. மூணாவது வந்தா எக்ஸாம் கட்டு. அப்பறம் தொடல. அதும் பாட்டுக்கு சூடாய்க்கினே இருந்துச்சி, நான் பாத்துக்கினே எழுதுனேன்."

"ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எடுத்துட்டிருக்கக் கூடாதா? நீ படிச்சவதானடி!"

பிரியங்கா துணியைப் பிழிந்தாள். "நீ காலையில ஆசையா விரிச்சி வெச்சிட்டுப் போயிருந்தியா… எடுக்க மனசு வரலக்கா. விடு."

வரலட்சுமிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் அதற்கும் இந்தப் பெண்தான் சமாதானம் சொல்லவேண்டியிருக்கும் என்று எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அப்புறம் ஆறு மாதம். பிரியங்கா அந்த லேப்டாப்பை வெறும் ஸ்டூலில் வைத்துக்கொண்டு எத்தனையோ கம்பெனிக்கு எழுதிப் போட்டாள். பெங்களூருக்கு இரண்டு தடவை, மெட்ராசுக்கு மூன்று தடவை போய் வந்தாள். முதலில் அனுபவம் கேட்டார்கள். தீபாவளி தாண்டியதும், மே மாதமே முடித்தவள் ஏன் இன்னும் சும்மா இருக்கிறாள் என்று கேட்டார்கள். ஹாஸ்டல் அட்வான்சுக்கென்று எடுத்து வைத்த பணம் பஸ் சார்ஜிலேயே கரைந்துகொண்டிருந்தது. லேப்டாப் மட்டும் ஒரு நாளும் மறுபடி நின்றதில்லை, குதிரை மாதிரி ஓடியது.

சங்கராந்தி முடிந்து ஒரு நாள் சாப்பிடும்போது பிரியங்கா சொன்னாள். "அக்கா, உங்க கம்பெனில பொண்ணுங்கள எடுக்கறாங்களாமே."

"உனக்கில்ல அது" என்றாள் வரலட்சுமி. "பி.டெக். படிச்சவங்கள எடுக்கமாட்டாங்கோ. நடுவுல ஓடிப்போயிடுவாங்கன்னு."

"இன்டர் சர்டிபிகேட் மட்டும் காட்டுனா எடுப்பாங்களாம். ரெண்டு பேரு அப்டித்தான் சேந்தாங்களாம்."

"முடியாதுன்னா முடியாது!" தட்டு குலுங்குகிற மாதிரி கத்தினாள் வரலட்சுமி. மல்லிகா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ரங்கையா தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்.

"எத்தினி நாளு வூட்டுல குந்திக்கினு உன் சோத்தத் துன்றது சொல்லு" என்றாள் பிரியங்கா. கோபமே இல்லாமல் கேட்டாள். வரலட்சுமி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். ஒரு மாதம் தள்ளிப் பார்த்தாள். வேறு வழி ஏதாவது வரும் என்று பார்த்தாள். வரவில்லை. கடைசியில் இவளே விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தாள்.

ஆள் எடுக்கிற அன்று லைன் லீடர் பிரேமலதாவே மேஜையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வரலட்சுமிமேல் எப்போதும் ஒரு பிரியம் உண்டு, எட்டு வருஷத்தில் ஒரு ரிஜெக்ட்கூட வரவைக்காத கை என்று எல்லாரிடமும் சொல்லுவாள். விண்ணப்பத்தைப் பார்த்தாள், பக்கத்தில் நின்ற பிரியங்காவைப் பார்த்தாள்.

"நீ செல்லெலா?" தங்கச்சியா என்று தெலுங்கில் கேட்டாள்.

"ஆமா மேடம்."

"என்ன படித்திருக்கிறாள்?"

பிரியங்கா வாயைத் திறப்பதற்குள் வரலட்சுமி முந்திக்கொண்டாள். அந்தப் பொய்யைத் தங்கை வாயால் சொல்லக் கேட்க அவளால் முடியாது. "இன்டர், மேடம்."

பிரேமலதா மார்க் லிஸ்ட்டைப் புரட்டினாள். புருவம் உயர்ந்தது. "தொள்ளாயிரத்து நாற்பதா? இவ்வளவு மார்க் எடுத்த பெண்ணை ஏன் மேலே படிக்கவைக்கவில்லை?"

"வசதி இல்ல, மேடம்."

"என்ன வசதி இல்லை? எட்டு வருஷமாக இங்கே சம்பாதிக்கிறாயே! கூடப் பிறந்தவளை ஒரு டிகிரி படிக்கவைக்க முடியவில்லையா உன்னால்? என்ன அக்கா நீ?" பிரேமலதா நிஜமாகவே வருத்தப்பட்டுத் திட்டினாள். பிரியங்காவின் கையைப் பிடித்து, பக்கத்து நாற்காலியில் உட்காரச் சொன்னாள்.

பிரியங்கா ஏதோ சொல்லப்போனாள். வரலட்சுமி அவள் தோளை அழுத்தினாள்.

"தப்புதான் மேடம்" என்றாள்.